நோய்ச் செலவு யார் தலையில்?



வரவு செலவுத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நமது நாட்டு முதியோர்க்கு 1953ஆம் ஆண்டே நினைவுக்கு வரும். பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே பாய்ச்சலில் உயர்த்தப்பட்டதும், ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் மூண்டதும், பிரதமர் டட்லி சேனநாயக்கா அதே ஆண்டில் பதவி துறந்ததும் சரித்திரம். அந்த 45 சதம் எங்கே போயிற்று என்று நாம் என்றாவது கேட்டதுண்டா? திறைசேரியின் ஏட்டில் அது சேமிப்பு என்று எழுதப்பட்டது. அடுக்களையில் அது கடன் என்று எழுதப்பட்டது. அரிசியின் உண்மை விலையில் ஒரு சதமும் குறைந்ததில்லை. சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றப்பட்டது, அவ்வளவே.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரிசியன்று, நோய். நோயின் செலவை அரசாங்கம் பொதுக் காப்புறுதியாக ஏற்றுக்கொண்டால், அச்செலவு ஆண்டுதோறும் சட்டசபையில் என்ன பாடுபடுகின்றது என்பதை ஆராயப் புகுந்துள்ளோம். அதற்கு நாம் தேர்ந்துகொண்ட இடம் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம். இவ்வளவு தூரம் போவானேன் என்று சிலர் எண்ணலாம். கனடாவில் உறவினர் ஒருவரேனும் இல்லாத வீடு இன்று நம்மிடையே அரிது. அங்கே வைத்தியரிடம் போனால் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்த வசதி வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு வழி வகுத்தவர்கள் மாநகரத்துச் செல்வரும் அல்லர். கோதுமை விளைத்த கமக்காரர். அதை எதிர்த்து நின்றவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் வைத்தியர்கள். இவ்விரு பகுதியினரும் இம்மண்டபத்தில் அருகருகே அமர்ந்திருக்கின்றீர்கள். ஆகையால் சற்று அஞ்சியே பேசுகின்றோம்.

வண்டி கட்டிப் போகும் தூரம்

இலங்கைத் தீவைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு பரப்புடையது அம்மாகாணம். 1961ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 9 இலட்சத்து 25 ஆயிரம் பேர் மாத்திரமே. நமது குடாநாட்டில் வேலிக்கு அப்பால் அயலவர். அங்கோ அயலவரைக் காண வண்டி கட்டவேண்டும். குளிர்காலத்தில் உறைபனி பாதையை மூடிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வைத்தியர் ஒருவரைத் தங்கவைப்பதே பெரும் பாடு. பணமுள்ள பட்டினத்தை விட்டுப் பனிவெளியில் வந்து குடியிருக்க யார் மனங்கொள்வர்?

1914ஆம் ஆண்டில் சார்னியா என்னும் கிராமச்சபையின் வைத்தியர் ஊரை விட்டுப் போக ஆயத்தமானார். சபையார் கூடி ஒரு முடிவு செய்தனர். ஆண்டுக்கு 1,500 டொலர் சபையின் வரிப்பணத்திலிருந்து அவருக்குக் கொடுப்பது, அவர் ஊரிலேயே தங்கியிருப்பது என்பதே அம்முடிவு. சட்டத்தில் அதற்கு இடமிருக்கவில்லை. சட்டத்துக்காக அவர்கள் காத்திருக்கவுமில்லை. 1916ஆம் ஆண்டில் மாகாண சட்டசபை சட்டத்தைத் திருத்திக் கிராமச்சபைகள் வைத்தியரை வேலைக்கு அமர்த்தலாம் என்று அனுமதித்தது. 1930களில் மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை ஒன்றை எழுப்பிய நமது மக்களுக்கு இவ்வேலையின் சுவை புதியதன்று.

பின்னர் வந்தது 1930களின் கொடுமை. மழை பொய்த்தது, மண் காற்றோடு பறந்தது, கோதுமையின் விலை அதள பாதாளத்துக்குப் போயிற்று. நோயாளிகள் வைத்தியருக்குக் கோழியும் கிழங்கும் விறகும் கொண்டுபோய்க் கொடுத்தனர். அதுவும் இல்லாதவர் நோயை வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். ஒன்றைக் கவனிக்க வேண்டுகின்றோம். அக்காலத்தில் வருந்தியவர் நோயாளி மாத்திரமல்லர், வைத்தியரும் வருந்தினார். பெறவேண்டிய கட்டணம் ஏட்டில் மலைபோல் குவிய, வீட்டு அடுப்பு எரிய வழியில்லாதிருந்த வைத்தியர் பலர். பிற்காலத்து எதிர்ப்பை நினைக்கும்போது இதையும் மறந்துவிடுதல் ஆகாது.

1944ஆம் ஆண்டுத் தேர்தலில், கூட்டுறவுப் பொதுநலக் கட்சி என்று தமிழில் கூறத்தக்க சி. சி. எவ். பெருவெற்றி பெற்றது. முதல்வரானவர் டொமி டக்ளஸ். ஸ்கொத்லாந்தில் பிறந்து, வெய்பர்ன் என்னும் சிற்றூரில் சமய போதகராக இருந்தவர். சிறுவனாக இருந்தபோது முழங்கால் எலும்பில் நோய் கண்டு, காலையே வெட்டிவிட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. பெற்றோரிடம் பணமில்லை. மாணவர்க்குக் கற்பிக்கும் பொருட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் காசு வாங்காது செய்து கால் தப்பியது. தமது கால் தப்பியது நீதியாலன்று, தற்செயலாலேயே என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் மேடைகளிற் கூறிவந்தார்.

முதலிற் கடனை அடைத்தார்கள்

பொதுவுடைமை பேசுவோர் திறைசேரியைக் காலியாக்கிவிடுவர் என்ற பேச்சு எந்நாட்டிலும் உண்டு. சஸ்காட்சுவானில் நடந்தது வேறு. நிதி மந்திரியாக இருந்த கிளாரன்ஸ் பைன்ஸ் தொடர்ந்து 16 வரவு செலவுத் திட்டங்களை மிகையோடு முடித்தவர். வங்கிக்காரரிடம் கையேந்தி நிற்கும் அரசாங்கம் மக்களுக்குக் கொடுத்ததை ஒருநாள் வங்கிக்காரரின் கட்டளைப்படி பறித்துவிடும் என்பது அவர்களின் எண்ணம். ஆகையால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. 1946 ஜூலை முதலாந் தேதி சுவிப்ட் கரண்ட் என்ற ஒரு பிரதேசத்தில் மாத்திரம், அங்குள்ள மக்களின் வாக்கைப் பெற்று, வைத்தியரின் சேவையைப் பொதுச் செலவில் வழங்கிப் பார்த்தனர். 1947 ஜனவரி முதலாந் தேதி மாகாணம் முழுவதற்கும் வைத்தியசாலைக் காப்புறுதி வந்தது. ஆளுக்கு ஆண்டுச் சந்தா 5 டொலர். குடும்பம் எவ்வளவு பெரியதாயினும் 30 டொலருக்கு மேல் இல்லை.

செலவு மதிப்பீட்டைத் தாண்டிற்று. தாண்டாதிருக்குமா? காசுக்கு அஞ்சிப் பல்லாண்டு நோயைப் பொத்திவைத்திருந்தோர் கதவு திறந்ததும் வந்தனர். எதிர்க்கட்சியார் இதைத் துர்ப்பிரயோகம் என்றனர். எமது கருத்து, அது பழைய பாக்கி என்பதே. சந்தாவை உயர்த்த நேர்ந்தது. பொதுவரியிலிருந்தும் இட்டு நிரப்ப நேர்ந்தது. ஆயினும் திட்டம் நிலைத்தது.

1958 ஜூலையில் மத்திய அரசாங்கம் வைத்தியசாலைக் காப்புறுதிச் செலவில் ஏறத்தாழப் பாதியைத் தான் ஏற்கத் தொடங்கியது. பதினொரு ஆண்டுகள் தனியே சுமந்த மாகாணத்துக்கு மூச்சு விட்டாற் போலாயிற்று. மிஞ்சிய பணத்தைக் கொண்டு வரியைக் குறைத்து அடுத்த தேர்தலை இலகுவாக வென்றிருக்கலாம். டக்ளஸ் அவ்வாறு செய்யவில்லை. 1959 டிசம்பரில் வானொலியிற் பேசி, வைத்தியரின் கட்டணத்துக்கும் பொதுக் காப்புறுதி கொண்டுவரப்போவதாக அறிவித்தார். 1960 ஜூன் தேர்தல் அந்த ஒரே பிரச்சினையின் மேல் நடந்தது. வைத்தியர் சங்கம் அங்கத்தவரிடம் ஆளுக்கு 100 டொலர் திரட்டி எதிர்ப் பிரசாரம் செய்தது. டக்ளஸ் வென்றார்.

இப்பொழுது 1961ஆம் ஆண்டு. நாம் இன்று பேச வந்த கதையில் மிகவும் மதிப்பது இவ்வாண்டையே. வசதியைக் கொடுக்கும் மசோதாவையும் அதற்கான வரியையும் மக்கள் முன் ஒரே காலத்தில் வைத்தனர். விற்பனை வரி 3 வீதத்திலிருந்து 5 வீதமாயிற்று. வருமான வரியின் மேலும் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. தனியாளுக்கு ஆண்டுச் சந்தா 12 டொலர். குடும்பத்துக்கு 24 டொலர். வாக்குக் கேட்கும்போது இலவசம் என்று முழங்கி, வென்றபின் வரியைப் பின்கதவால் கொண்டுவரும் தந்திரத்தை நாம் பல நாடுகளில் கண்டவர்கள்; அதனாலேயே இதைப் பாராட்டுகின்றோம். ஒரு குறையும் கூறவேண்டும். நூறு ஏக்கர் உடையவனும் ஆயிரம் ஏக்கர் உடையவனும் அதே 24 டொலரைக் கட்டுவது நீதியா? தான் கட்டிய பணத்துக்கே சேவை பெறுகின்றோம் என்ற மானம் மக்களுக்கு இருக்கவேண்டும் என்பதே சந்தாவுக்குக் கூறப்பட்ட நியாயம். 1974ஆம் ஆண்டில் அந்தச் சந்தா முற்றாக நீக்கப்பட்டது. மானம் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இருபத்து மூன்று நாட்கள்

1961 நவம்பரில் டக்ளஸ் மத்திய அரசியலுக்குச் சென்றார். முதல்வர் பொறுப்பை ஏற்றவர் வுட்ரோ லொயிட். தொழிலால் பாடசாலை ஆசிரியர். அம்மாதமே சட்டம் நிறைவேறியது. 1962 ஜூன் மாதத்தில் நடந்த மத்திய தேர்தலில் ரெஜைனா நகரில் நின்ற டக்ளஸ் தோற்கடிக்கப்பட்டார். தாம் கொண்டுவந்த திட்டம் நடைமுறைக்கு வர இரண்டு கிழமை இருக்கையில் தமது மாகாணத்தின் தலைநகரிலேயே அவர் தோற்றார் என்றால் அங்கு நிலவிய கொதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

ஜூலை முதலாந் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே பெரும்பாலான வைத்தியர்கள் கதவைப் பூட்டினர். குறிப்பிட்ட சில வைத்தியசாலைகளில் மாத்திரம் அவசர சேவை நடந்தது. கைக்குழந்தை ஒன்றை எடுத்துக்கொண்டு வைத்தியரைத் தேடி ஊர் ஊராக வண்டியோட்டிய பெற்றோரின் கையிலேயே அக்குழந்தை உயிர் நீத்தது. வைத்தியர் இருந்திருப்பினும் பிழைத்திருக்குமோ என்பதை எவரும் அறுதியிட்டுக் கூறமுடியாது. ஆனால் அச்செய்தி நாடெங்கும் பரவியது.

வைத்தியரின் வாதத்தையும் நேர்மையோடு எடுத்துரைப்போம். தங்களின் வருமானத்தை மாத்திரம் எண்ணி அவர்கள் எதிர்க்கவில்லை. நோயாளிக்கும் தமக்கும் இடையில் அரசாங்கம் வந்து உட்கார்ந்தால், பணம் கொடுப்பவன் மருந்தையும் தீர்மானிப்பான் என்று அஞ்சினர். ஏழைகளுக்கு மாத்திரம் அரசாங்கம் சந்தா கட்டட்டும். மற்றவர்கள் வைத்தியரே நடத்தும் தனிக் காப்புறுதிச் சங்கங்களில் சேரட்டும் என்பது அவர்களின் மாற்று யோசனை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அதன்படி ஏழை ஒவ்வொருவனும் முதலிற் தான் ஏழை என்பதை அதிகாரியின் முன் நின்று நிரூபிக்கவேண்டும். விளைச்சல் நன்றாயிருந்த ஆண்டில் அவன் ஏழையல்லன். மழை பொய்த்த ஆண்டில் ஏழை. கமக்காரனின் வருமானத்தை அளக்க எந்தக் கந்தோரிலும் தராசு இல்லை என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று.

ஜூலை 11ஆம் நாள் சட்டசபையின் முன் எதிர்ப்பாளர் கூட்டம் கூடியது. பல்லாயிரவர் திரள்வர் என்று எதிர்பார்த்தனர். வந்தோர் ஏறத்தாழ நாலாயிரம், ஐயாயிரம் பேரே. பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்கள் வரவழைக்கப்பட்டனர். சஸ்கட்டூனில் மக்களே கூட்டுறவு முறையிற் பணம் திரட்டி, திட்டத்தை ஏற்ற வைத்தியரைக் கொண்டு ஜூலை 3ஆம் நாளே சிகிச்சை நிலையம் ஒன்றைத் திறந்தனர். இறுதியில் பிரித்தானியப் பிரபுக்கள் சபையைச் சேர்ந்தவரும் தாமே வைத்தியருமான டெயிலர் பிரபு இரு பகுதியார்க்கும் இடையில் அலைந்து சமரசம் செய்துவைத்தார். ஜூலை 23ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வைத்தியர் அரச ஊழியராகவில்லை. பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வளவு என்ற கட்டண முறை அப்படியே இருந்தது. அவர்கள் அஞ்சிய வருமானக் குறைவும் நேரவில்லை. வராக்கடன் ஒழிந்ததால் வருமானம் கூடியது.

இவ்வுடன்படிக்கையில் ஒரு முடிச்சு இருந்தது. காப்புறுதி நிதியிலிருந்து எவ்வளவு செலவாகும் என்பதை இனிச் சட்டசபை முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. எத்தனை பேர் வைத்தியரிடம் போகின்றனர், வைத்தியர் எத்தனை முறை திரும்பி வரச் சொல்கின்றார் என்பதே அதைத் தீர்மானிக்கும். கடிவாளம் திறைசேரியின் கையில் இல்லை. சமாதானத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. குற்றம் கூறுவது எளிது. அந்த 23 நாட்களை நாம் ஆண்டிருந்தால் வேறு என்ன செய்திருப்போம் என்று எமக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை டொலர்

1964 ஏப்ரல் தேர்தலில் லொயிட் ஆட்சியை இழந்தார். ரொஸ் தச்சர் தலைமையில் இலிபரல் கட்சி வந்தது. எதிர்க்கட்சியில் இருந்தபோது திட்டத்தைத் தாக்கியவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அதைக் கலைக்கத் துணியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் அது மக்களின் நாளாந்த வாழ்வோடு ஒன்றிவிட்டது. எதிரியாலும் கைவைக்க முடியாத நிலையை எய்திய பின்னரே ஒரு சீர்திருத்தம் வேரூன்றியதாகக் கொள்ளலாம்.

கலைக்க முடியாததைத் தேய்க்கலாம் அல்லவா? 1967 தேர்தலில் மீண்டும் வென்ற தச்சர் அரசாங்கம் 1968 மார்ச் முதலாந் தேதி, வெள்ளிக்கிழமை, ஒரு வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தது. கறுப்பு வெள்ளி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தனர். அதன்படி வைத்தியரின் அறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறைக்கும் நோயாளி ஒன்றரை டொலர் கட்டவேண்டும். வைத்தியரை வீட்டுக்கு அழைத்தால் 2 டொலர். வைத்தியசாலையிற் படுத்தால் முதல் முப்பது நாட்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை டொலர். இதற்கு அரசாங்கம் இட்ட பெயர் உபயோகக் கட்டணம். பொதுவில் வழங்கிய பெயர் தடைக் கட்டணம். இரண்டாவது பெயரே உண்மை. தேவையற்று வைத்தியரிடம் ஓடுவோரைத் தடுப்பதற்காம் அது.

எம்மிடம் ஒரு கேள்வி உண்டு. பொழுதுபோக்குக்காகப் பனியில் நாற்பது மைல் வண்டியோட்டி வைத்தியரின் வாசலிற் குந்தியிருப்பவர் எவர்? பரிசோதனைக்கு மறுபடி வரச் சொல்பவர் வைத்தியர். வைத்தியசாலையில் அனுமதிப்பவர் வைத்தியர். இன்னும் பத்து நாள் இருக்கவேண்டும் என்பவரும் வைத்தியர். நாள் ஒன்றுக்கு இரண்டரை டொலர் தண்டம் கட்டுபவர் மாத்திரம் நோயாளி. தீர்மானிப்பவர் ஒருவர், தண்டிக்கப்படுபவர் இன்னொருவர்!

விளைவு என்ன? பொருளியலாளர் கிளென் பெக் என்பார் பதிவேடுகளை ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் உலகெங்கும் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகின்றன. மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் வைத்தியரிடம் செல்வது 6, 7 வீதமளவே குறைந்தது. ஏழைகளிடையே அது ஏறத்தாழ 18 வீதம் குறைந்தது. வைத்தியசாலைப் படுக்கைகளின் உபயோகத்தில் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் காணப்படவில்லை என்று அவரும் சகா ஒருவரும் பின்னர் எழுதினர். காப்புறுதிச் செலவில் பெரும் பங்கை விழுங்குவது வைத்தியசாலையே. அங்கே குறைவில்லை, குறைந்த இடத்தில் குறைந்தவர் ஏழையர். துர்ப்பிரயோகம் செய்தவர்கள் ஏழைகள் மாத்திரந்தானா? ஒன்றரை டொலர் வசதியுள்ளவனைத் தடுக்கவில்லை. வசதியில்லாதவனின் நோயை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது.

1971 ஜூன் தேர்தலில் தச்சர் தோற்றார். 1961இல் நிதியையும் 1962இல் சுகாதாரத்தையும் கவனித்த அலன் பிளேக்னி முதல்வராகி, அவ்வாண்டிலேயே தடைக் கட்டணத்தை ஒழித்தார்.

அதே 1971ஆம் ஆண்டில் நமது நாட்டில் என்ன நடந்தது என்று நினைவுண்டா? அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதிக்கு வருபவர் 25 சதம் கட்டவேண்டும் என்ற விதி வந்தது. நிதி மந்திரியாக இருந்தவர் சமசமாஜக் கட்சித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா. அங்கே வலதுசாரி விதித்ததை இடதுசாரி நீக்க, அதே காலத்தில் இங்கே இடதுசாரியே விதித்தார். கட்சியின் பெயரைப் பார்த்து வரவு செலவுத் திட்டத்தை நம்பும் நண்பர்களுக்காக இதைச் சொல்லிவைக்கின்றோம். 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. நமது நாட்டில் பொதுக் காப்புறுதி இல்லை. வைத்தியசாலைச் செலவைப் பொதுவரியே ஏற்கின்றது. ஆயினும் வாசலில் காசு வாங்காமலே தடை போடும் வழியும் உண்டு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வைத்தியசாலையில் மருந்தில்லை, வெளியே வாங்கிவா என்று எழுதிக்கொடுத்த துண்டுகள் எத்தனை! அத்துண்டுகளின் தொகை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறவில்லை.

ஐம்பத்திரண்டு வைத்தியசாலைகள்

கதை இங்கே முடிந்திருந்தால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். முடியவில்லை. சஸ்காட்சுவானைப் பார்த்து மத்திய பாராளுமன்றம் 1966ஆம் ஆண்டில் வைத்தியக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 1972ஆம் ஆண்டளவில் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன. செலவிற் பாதி மத்திய அரசாங்கத்தினுடையது. 1977ஆம் ஆண்டில் அந்தப் பாதிக்குப் பாதி முறை கைவிடப்பட்டு, ஒரு தொகையை ஒதுக்கிக் கொடுக்கும் முறை வந்தது. அதாவது கூடுதலான செலவு மாகாணத்தின் தலையில். 1984ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளியிடம் தனிக் கட்டணம் வாங்கும் மாகாணத்துக்கு அவ்வளவு தொகையை மானியத்தில் வெட்டுவது என்று விதித்தது. எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி நிறைவேறிய சட்டம் அது. தச்சரின் வழியை அது அடைத்தது. ஆனால் தட்டுப்பாடு வரும்போது திறைசேரி வேறு வழி தேடும்.

1980களில் சஸ்காட்சுவானை ஆண்டவர்கள் பற்றாக்குறையின் மேல் பற்றாக்குறை வைத்து மாகாணத்தைப் பெருங்கடனில் ஆழ்த்திச் சென்றனர். 1991இல் றோய் ரொமனோ முதல்வரானார். டக்ளஸின் கட்சி பிற்காலத்தில் புதிய ஜனநாயகக் கட்சியாயிற்று, அவர் அக்கட்சியினர். 1993ஆம் ஆண்டில் அவரது அரசாங்கம் கிராமப்புறத்துச் சிறு வைத்தியசாலைகள் 52ஐ மூடியது, அல்லது படுக்கைகளை எடுத்துவிட்டுச் சுகாதார நிலையங்களாக மாற்றியது. வைத்தியரை ஊரில் தங்கவைக்க 1914இல் வரி கட்டிய அந்தக் கமக்காரரின் பேரப்பிள்ளைகளிடம், அவர்களின் சொந்தக் கட்சியே வந்து, உங்கள் வைத்தியசாலைக்கு இனிப் பணமில்லை என்றது.

வங்கிக்காரரிடம் கையேந்தாதே என்ற பைன்ஸின் பழைய எச்சரிக்கை, அவர் கட்சியின் கையாலேயே நிறைவேறியது. இது வேதனைக்குரியது, எனினும் அரசாங்கத்தின் நியாயத்தையும் கேட்கவேண்டும். அவற்றுட் பல, நாளொன்றுக்கு ஒரு சில நோயாளரையே வைத்திருந்தவை. ஊர்கள் தேய்ந்துவிட்டன, கமங்கள் பெருத்து, கமக்காரர் தொகை சுருங்கிவிட்டது. 1999இல் வெளிவந்த மாகாண ஆய்வொன்று, வைத்தியசாலை மூடப்பட்ட ஊர்களில் மக்களின் ஆரோக்கியம் அதனாற் கெட்டதற்குச் சான்றில்லை என்று முடிவு கூறியது. ஆய்வை நாம் மறுக்கவில்லை. இறப்புக் கணக்கு அவ்வாறே இருக்கலாம். ஆனால் பிள்ளைப்பேற்றுக்கு முன்பு பத்து மைல் போனவள் இப்பொழுது அறுபது மைல் போகின்றாள் என்றால், அந்த ஐம்பது மைலின் எரிபொருளும், அறுவடைக் காலத்தில் கணவன் இழந்த ஒரு நாளும், வழியில் அவள் பட்ட பயமும் எந்த ஏட்டில் எழுதப்பட்டன? 1968இல் ஒன்றரை டொலராக வாங்கியதை 1993இல் மைலாக வாங்கினர். ஒன்றரை டொலருக்காவது பற்றுச்சீட்டு இருந்தது.

வேறு வழி இருந்ததா என்று வைத்திய நண்பர் ஒருவர் கூட்டத்துக்கு முன் எம்மிடம் கேட்டார். வரியை இன்னும் உயர்த்தியிருக்கலாம். உண்மையில் உயர்த்தியும் பார்த்தனர். வைத்தியரின் கட்டண முறையை மாற்றியிருக்கலாம். 1962இன் 23 நாட்களை எவரும் மறக்கவில்லை. ஆகவே தொட இலகுவானதைத் தொட்டனர். சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் குரல் தலைநகரில் ஒன்றாகக் கேட்பதில்லை. நெடுந்தீவிலும் மணலாற்றிலும் துணுக்காயிலும் இருந்து வந்திருப்பவர்களுக்கு இது விளங்கும்.

மூடப்பட்ட ஊர்கள் சிலவற்றில் மக்கள் மீண்டும் பழையபடி கூடிப் பணம் திரட்டி, தாதிமாரையும் அவசர வண்டியையும் ஊரில் வைத்திருக்க முயன்றனர். 1914இன் சார்னியா மறுபடியும் பிறந்தது என்று இதைப் புகழ்வோருண்டு. எமக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை. ஒருமுறை வரியாகக் கட்டியதை இரண்டாம் முறை உண்டியலிற் போடவேண்டிய நிலை அது.

தலைவர் மணியைப் பார்க்கின்றார். சந்தா முறையைப் பற்றியும், நமது வைத்தியசாலைகளின் மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றியும் சிலர் வினாக்களைத் துண்டில் எழுதி அனுப்பியுள்ளனர். அவற்றுக்கு விடைகூற நேரம் வேண்டும்.